ஒரு சதுர மீட்டர் நிலமும் ஒரு குறிப்பேடும்: செடிகளையும் பூச்சிகளையும் அறிந்து தோட்டம் அமைக்கும் முறை

செடிகளையும் பூச்சிகளையும் அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் படங்கள் நிறைந்த ஒரு கையேட்டை வாங்கித் தொடங்குகிறார்கள். தோட்டம் போட விரும்புகிறவர்கள் விதைகளையும் தொட்டிகளையும் வாங்கித் தொடங்குகிறார்கள். இரண்டையும் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு, நான்கு குச்சிகளையும் கொஞ்சம் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, வீட்டை ஒட்டி எங்கேனும் ஒரு சதுர மீட்டர் நிலத்தை வளைத்துக் கட்டுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அந்தச் சதுரத்தில் எதையும் விதைக்க வேண்டாம். எதையும் பிடுங்கவும் வேண்டாம். நிலமே இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் அகலமான ஒரு தொட்டியில் வெளியிலிருந்து எடுத்த சாதாரண மண்ணை நிரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகளும், காற்றும் பறவையும் கொண்டுவந்து போடும் விதைகளும் சில வாரங்களில் தாமாக முளைத்துவிடும்.

சார்லஸ் டார்வின் இதே வேலையைச் செய்திருக்கிறார். மூன்று அடி நீளமும் இரண்டு அடி அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் தானாக முளைத்த களைச்செடிகள் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு எண்ணிவந்தார். முளைத்த 357 நாற்றுகளில் 295 அழிந்துபோயின. பெரும்பாலானவற்றைத் தின்று அழித்தவை ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும். பிழைப்புக்கான போராட்டம் எவ்வளவு கடுமையானது என்பதற்குச் சான்றாக, 1859-இல் வெளியான தம் நூலில் அவர் இந்தக் களைக் கணக்கையும் எடுத்துக்காட்டினார். நீங்களும் ஒவ்வொரு முளைக்கும் பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியை நட்டுவையுங்கள். முளை காணாமல் போன இடத்தில் குச்சி மட்டும் நிற்கும்போது, அதைத் தின்றது எது என்ற கேள்வி தானாக எழும். செடியைப் பற்றிய படிப்பும் பூச்சியைப் பற்றிய படிப்பும் ஒன்றாகும் இடம் அதுதான்.

முதல் பத்து நாட்களில் எல்லா முளைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். விதையிலேயே உருவாகியிருந்த வித்திலைகள் பெரும்பாலும் நீள்வட்டமாகவும் விளிம்பில் வெட்டுகள் இல்லாமலும் இருப்பதே இதற்குக் காரணம். அவற்றுக்கு மேலே விரியும் அடுத்த இலை அந்தச் செடிக்கே உரிய சாயலைக் காட்டத் தொடங்கும். அந்த இலை விரியும் நாளுக்காகக் காத்திருந்து, வித்திலையையும் உண்மையான முதல் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் முளையைப் பார்த்தே இது கீரை, இது களை என்று பிரிக்கும் கண் உங்களுக்கு வந்துவிடும். தோட்டத்தில் களையெடுக்கும்போது நாற்றையே பிடுங்கிப் போடும் தவறு இதனால் பெரிதும் குறையும்.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு சொல். நாள், நேரம், வெயிலா மழையா, எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, அங்கே இருந்த பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஆறு செய்திகள் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு உள்ள பச்சைப் புழு" என்று எழுதினால் போதும். படம் வரையத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். இலையின் விளிம்பு எத்தனை முறை வெட்டுப்பட்டிருக்கிறது என்பதை எண்ணாமல் அதை வரைய முடியாது. எண்ண வைப்பதற்காகவே வரையச் சொல்கிறேன். கைபேசியில் படம் எடுப்பது எளிது, தேவையும்கூட. ஆனால் படம் எடுத்த இலையை நாம் பல நேரங்களில் பார்த்திருக்கவே மாட்டோம். பிரிட்டனில் லெஸ்டர் நகரத்தின் புறநகர்ப் பகுதியில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் ஜெனிபர் ஓவன் என்ற உயிரியலாளர் 30 ஆண்டுகள் இப்படிக் குறித்துவந்து 2,673 வகை உயிரினங்களைப் பதிவு செய்தார். அவற்றில் 474 செடிவகைகள், 1,997 பூச்சிவகைகள். பூ, காய், புல்தரை என்று சாதாரணமாக எல்லாரும் வைத்துக்கொள்ளும் தோட்டம்தான் அது.

பெயருக்கு முன் உருவம்

செடியின் பெயரை உடனே கேட்காமல், அதன் உடலை ஓர் ஒழுங்கில் பார்க்கப் பழக வேண்டும். முதலில் தண்டு: உருண்டையா, நான்கு பக்கமாக இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா? விரல்களுக்கிடையே வைத்து உருட்டும்போது நான்கு பட்டை தட்டுப்பட்டு, இலையைக் கசக்கினால் மணமும் வந்தால், அது துளசியும் தும்பையும் அடங்கிய குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து இலை அடுக்கு: ஒரு கணுவில் ஒரே இலை இருந்து அடுத்த கணுவில் மறுபக்கம் மாறி வந்தால் மாற்றிலை அமைவு, இரண்டு இலைகள் எதிரெதிராக நின்றால் எதிரிலை அமைவு, மூன்றோ அதற்கு மேலோ சுற்றி நின்றால் வட்டிலை அமைவு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே, ஒத்த தோற்றமுடைய செடிகளில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

இலை எது, சிற்றிலை எது என்பதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கறிவேப்பிலையில் நாம் ஒரு கொத்து என்று ஒடிப்பது தாவரவியல் கணக்கில் ஒரே இலை. அதிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவது சிற்றிலை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. கறிவேப்பிலையிலும் வேம்பிலும் முருங்கையிலும் இந்த மொட்டைத் தேடிப் பாருங்கள். ஒருமுறை கண்டுகொண்டால், அதன்பின் எந்தச் செடியைப் பார்த்தாலும் கண் முதலில் கக்கத்துக்கே போகும்.

நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இலைகள் புல், தென்னை, வாழை, மூங்கில் போன்ற ஒருவித்திலைச் செடிகளுக்கு உரியவை. வலைபோல் பின்னியவை இருவித்திலைச் செடிகளுக்கு உரியவை. வெளிப்புறத்தில் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்த பழந்தமிழ் மரபு, தென்னையையும் பனையையும் புல்லின் பக்கம் சேர்த்தது. அறுத்த தென்னையின் ஓரத்தையும் அறுத்த வேம்பின் நடுவையும் ஒரு முறை தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும்.

பூவைப் பார்க்க ஒரு கைவில்லை வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் சிறிய வில்லை போதும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெளிவாகத் தெரியும் வரை பூவை அதன் அருகே கொண்டுவர வேண்டும். வில்லையைப் பூவின் மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாதையோரத்தில் எங்கும் பூத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் பூவை இப்படிப் பாருங்கள். ஒரு பூ என்று நினைத்தது பல பூக்களின் கூட்டம் என்பது அப்போது தெரியும். ஓரத்தில் வெளிறிய இதழோடு நிற்பவை ஒரு வகைப் பூக்கள். நடுவில் நெருங்கி நிற்கும் மஞ்சள் குழல்கள் ஒவ்வொன்றும் தனிப் பூ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதை. சூரியகாந்தியும் சாமந்தியும் இதே குடும்பம்தான்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். எருக்கின் பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. ஆகவே தெரியாத செடியைத் தொட்ட பின் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. மேலும், கைபேசிச் செயலி ஒன்று பெயர் சொன்னது என்பதை நம்பி எந்த இலையையும் காயையும் வாயில் வைக்கக் கூடாது.

பெயரைத் தேடும் வழி

மேலே சொன்ன வெட்டுக்காயப் பூண்டுக்குத் தாத்தாப்பூ என்றும் கிணற்றுப்பாசான் என்றும் பெயர்கள் உண்டு. இதற்கு மாறாக, கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் பறிக்கப்படுகின்றன. ஊர்ப்பெயர்கள் அழகானவை, அவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள், யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதோடு அறிவியல் பெயர் ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் எழுதியதை உங்கள் செடியோடு பொருத்திப் பார்க்க முடியாது. இருசொல் பெயரிடும் முறை செடிகளுக்குச் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசின் 1753-ஆம் ஆண்டு நூலிலிருந்தும், விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் அவருடைய இன்னொரு நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் சிற்றினம்.

பெயர் கண்டுபிடிக்க இன்று பலரும் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம்; 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. படத்தைப் பதிவேற்றினால் கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு அந்த உயிரினத்தை அறிந்தவர்கள் வந்து உறுதி செய்வார்கள் அல்லது திருத்துவார்கள். கணினியின் பரிந்துரையைப் பேரின அளவில், சில நேரம் குடும்ப அளவில் மட்டும் ஏற்றுக்கொள்வது நல்லது. பூச்சிகளில் பல இனங்களை ஒரு படத்தை வைத்துப் பிரிக்கவே இயலாது. ஒரே பூவின் நான்கு படங்களைவிட, முழுச் செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம் என நான்கு வேறு படங்கள் உறுதி செய்பவருக்கு உதவும். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ விரல் நுனியையோ வைத்து எடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படமாக இருந்தால், இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைத்துப் பதியும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இலையில் இருக்கும் தடயங்கள்

பூச்சியைத் தேடிப் போனால் அது பறந்துவிடும். அது விட்டுச்சென்ற தடயமோ வாரக்கணக்கில் இலையிலேயே இருக்கும். ஆகவே தடயத்திலிருந்து தொடங்குங்கள்.

இலைமேல் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோட்டை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது இலைத்துளைப்பானின் வழித்தடம். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள பச்சையத்தைத் தின்றபடி ஒரு சிறு புழு முன்னேறுகிறது. கோட்டின் ஒரு முனை மயிரிழைபோல் மெலிந்திருக்கும். முட்டையிலிருந்து அது வெளிவந்த இடம் அது. போகப் போகக் கோடு அகலமாகும். புழு வளர்ந்ததற்கு அந்த அகலமே கணக்கு. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால், கோட்டின் அகன்ற முனையில் புழு இன்னும் இருக்கிறதா, வெளியேறிவிட்டதா என்பது தெரிந்துவிடும். ரோஜா இலையின் ஓரத்தில் காசு அளவுக்கு வட்டமாகவும் சீராகவும் வெட்டப்பட்டிருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. தின்பதற்காக அன்றி, தன் குஞ்சுகளுக்கான அறைகளை மெத்தையிடுவதற்காக அது வெட்டிச் செல்கிறது. அதற்காக மருந்தடிப்பது செடிக்கும் நன்மை தராது, மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீயையும் இழக்கச் செய்யும். நரம்புகள் மட்டும் சல்லடைபோல் மிஞ்சியிருந்தால் வண்டையும் அதன் புழுவையும் தேடுங்கள். ஓரத்திலிருந்து ஒழுங்கில்லாமல் கடிபட்டிருந்தால் வெட்டுக்கிளியோ கம்பளிப்புழுவோ; கீழே உள்ள இலைகளில் கறுப்பு மணிகள்போல் எச்சம் கிடந்தால், புழு அதற்கு நேர் மேலே இருக்கிறது.

எலுமிச்சைச் செடியோ கறிவேப்பிலைச் செடியோ இருந்தால், ஒரு முழுச் சுற்றை நேரில் காணும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி தளிர்களைச் சுற்றிப் படபடத்து, ஒரு கணம் அமர்ந்து எழுவதைக் கவனியுங்கள். பெண் வண்ணத்துப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கிறது. தன் குஞ்சுகள் தின்னக்கூடிய இலை என்று தெரிந்த பிறகே வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டுகிறது. அது போன பிறகு தளிரைப் பாருங்கள். கடுகைவிடச் சிறியதாக, வெளிறிய மஞ்சளில், உருண்டையாக இருக்கும். சில நாட்களில் வரும் புழு பழுப்பும் கறுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டோடு, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே கிடக்கும். நான் முதல்முறை பார்த்தபோது எச்சம் என்றே நினைத்து நீரால் கழுவப் போனேன். அது தலையை உயர்த்திய பிறகுதான் நிறுத்தினேன். ஐந்தாவது நிலையில் தோலுரித்ததும் அதே புழு முழுப் பச்சையாகிவிடும். இலையின் நடுநரம்பில் படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு புல்லால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டாகப் பிளந்த ஒரு கொம்பை நீட்டும். அதிலிருந்து காரமான வாடை வரும். பறவைக்கும் எறும்புக்கும் எதிரான பாதுகாப்பு அது. ஒரு முறை பார்த்தால் போதும். மீண்டும் மீண்டும் சீண்ட வேண்டாம். பிறகு அது ஒரு குச்சியில் வால்நுனியை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து சிறகு விரிக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம்.

எருக்கில் இதேபோல் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வளரும். கறுப்பு வெள்ளை வரிகளும் மஞ்சள் புள்ளிகளுமாக அதன் புழு ஒளிந்துகொள்ளாமல் வெளிப்படையாகவே இருக்கும். எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. ஆமணக்கிலும் கொன்றையிலும் அரளியிலும் அந்தந்தச் செடிக்கு உரிய புழுக்கள் உண்டு. எந்தப் புழு எந்தச் செடியில் என்று குறித்துக்கொண்டே வந்தால், செடியின் பெயர் புழுவை அடையாளம் காட்டும். புழு செடியை அடையாளம் காட்டும். 1647-இல் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, பிற்காலத்தில் ஒவ்வொரு பூச்சியையும் அதன் எல்லாப் பருவங்களோடும், அது தின்னும் செடியோடும் சேர்த்து ஒரே தாளில் வரைந்தார். உங்கள் குறிப்பேட்டுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மருந்தை எடுக்கும் முன்

இனித் தோட்டக்காரர்கள் அதிகம் அஞ்சும் அசுவினியை எடுத்துக்கொள்வோம். தளிரின் நுனியிலும் இலையின் அடியிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ அடைந்து சாற்றை உறிஞ்சும் இந்தச் சிறு பூச்சிகள், வெப்பமான காலங்களில் ஆண் துணையின்றியே குட்டி போடுகின்றன. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரத்தில் தளிர் முழுவதும் நிறைந்துவிடுவது இதனால்தான். இவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் காக்கும். இலைமேல் கரிபோல் படியும் பூஞ்சைக்கும் அந்த இனிப்புதான் உணவு.

அசுவினியைக் கண்டதும் வேப்பெண்ணெயைக் கலக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். மறுநாள் இலையின் அடியில், முதலைக் குட்டிபோல் நீண்ட, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட சில புழுக்கள் அசையாமல் ஒட்டிக் கிடந்தன. அவை பொறிவண்டின் புழுக்கள் என்பதைப் பிறகே அறிந்தேன். ஒவ்வொன்றும் வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றிருக்கும். அந்தத் தவறுக்குப் பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அசுவினியைப் பார்த்த நாளிலிருந்து ஒரு வாரம் வெறுமனே பார்க்கிறேன். அடைக்கு அருகே மஞ்சள் முட்டைகள் குத்திட்டு நிற்கின்றனவா? மெல்லிய நூலின் நுனியில் தொங்கும் ஊசிமுனை அளவு முட்டைகள் இருக்கின்றனவா? அப்படியானால் அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. அதன் புழுவும் அசுவினியை உண்ணும். அசுவினிகளில் சில உப்பிப் பழுப்பாகி, முதுகில் வட்டத் துளையோடு வெறும் கூடாக நிற்கின்றனவா? உள்ளே ஒரு சிறு குளவி வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள். இவற்றில் ஒன்றாவது இருந்தால், எறும்புகள் ஏறாதபடி மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை அவற்றிடமே விட்டுவிடலாம். ஒன்றும் இல்லை, தளிர் சுருள்கிறது என்றால், முதலில் நீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரைவதற்குச் சில துளிகள் சோப்பு நீரும் சேர்த்து, இரண்டு இலைகளில் சோதித்துப் பார்த்த பின், மாலையில், பாதித்த தளிர்களில் மட்டும் தெளியுங்கள். தழைச்சத்து மிகுந்த உரத்தை அளவுக்கு மேல் போட்ட செடியின் மென்மையான தளிரில்தான் அசுவினி பெருகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொறிவண்டு என்றாலே நன்மை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கத்தரியின் இலையைச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டும் புள்ளிகளோடு அதே உருவத்தில் இருக்கும். அதன் முதுகில் நுண்மயிர் இருப்பதால் பளபளப்பு இராது. அதன் புழு மஞ்சளாக, உடல் முழுவதும் கிளைத்த முட்களோடு இருக்கும். இதைக் கையால் பொறுக்கி எடுப்பதே போதுமானது.

மண், வெயில், விதை

இவ்வளவும் பழகிய பிறகு நீங்கள் விதைக்கும் முதல் பாத்தி, முன்பே விதைத்திருக்கக்கூடியதைவிட நன்றாக இருக்கும். ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் வேண்டும், கீரைகள் நான்கு மணி நேரத்திலும் வரும். மண்ணை அறிய ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாளோ அதற்கு மேலோ கலங்கலாகவே நின்று கடைசியில் படிவது களி. மூன்று அடுக்குகளின் உயரத்தையும் அளந்தால் உங்கள் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். மணலானாலும் களியானாலும் மக்கிய உரமே மருந்து: மணலில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், களியில் காற்றுக்கு இடம் கொடுக்கும். காய்ந்த இலைதழையை இரண்டு மூன்று பங்கும் பச்சைக் கழிவை ஒரு பங்குமாக அடுக்கி, பிழிந்த துணியின் ஈரத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் மக்கு உரம் கிடைக்கும்.

பழைய விதையானால் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் இரட்டிப்பாக விதைக்க வேண்டும் அல்லது புது விதை தேட வேண்டும். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். நீர் விடுவதற்கு நேரம் குறித்துக்கொள்ள வேண்டாம். விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் விடுங்கள். தொட்டிச் செடிகள் வாடுவதற்கு நீர் போதாமையைப் போலவே வேர் அழுகலும் காரணமாகிறது. வாடிய செடிக்கு மேலும் மேலும் நீர் ஊற்றிச் சாகடித்தவர்கள் பலர்.

கத்தரியோ தக்காளியோ பூக்கும் காலத்தில் ஒரு காலைப்பொழுதைச் செடியின் அருகே உட்கார்ந்து செலவிடுங்கள். கத்தரியின் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் உள்ள சிறு துளைகள் வழியாக மட்டுமே, உப்புக் குப்பியிலிருந்து உதிர்வதுபோல் மகரந்தம் உதிரும். நீலவரித் தேனீயும் பெரிய கரிய தச்சன் தேனீயும் பூவைக் கால்களால் பற்றித் தொங்கி, இறக்கைகளை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்கின்றன. பறக்கும் ரீங்காரம் ஓயும். ஒரு கணம் கழித்து வேறொரு கூர்மையான, உயர்ந்த ஒலி எழும். மஞ்சள் தூள் தேனீயின் வயிற்றில் கொட்டும். வீட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. இந்த ஒலி கேட்காத மாடித் தோட்டத்தில், பூத்த கொத்தைக் காலை நேரத்தில் விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் காய்ப்பிடிப்பு கூடும்.

நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. தனித்து வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை அப்படியே. ஆகவே தோட்டம் முழுவதையும் மூடாக்கிட்டு மறைத்துவிடாமல், வெயில் படும் ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டுவையுங்கள். தச்சன் தேனீக்குக் காய்ந்த மரக்கட்டையோ மூங்கிலோ போதும். ஆழமில்லாத ஒரு தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி நீர் வைத்தால் தேனீயும் குளவியும் குடிக்க வரும். கொசு வளராதபடி இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை அந்த நீரைக் கொட்டி மாற்ற வேண்டும்.

யாருக்காக நடுவது

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று பூச்செடிகளை மட்டும் நடுகிறவர்கள், அதற்கு வந்து போகும் விருந்தாளி இடத்தையே தருகிறார்கள். புழுவுக்கான செடி இருந்தால்தான் அது உங்கள் தோட்டத்தில் பிறக்கும். ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஓரத்தில் ஓர் எருக்கு, ஒரு கொன்றை என்று தொடங்கலாம். கறிவேப்பிலை இரண்டு இருந்தால் ஒன்றை உங்களுக்கும் ஒன்றைப் புழுவுக்கும் ஒதுக்கி, ஒன்றில் கண்ட புழுவை மற்றதற்கு மாற்றிவிடுங்கள். பூச்செடிகளில் அடுக்குப் பூக்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுவதால் பூச்சிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஒற்றை இதழடுக்குச் செம்பருத்தி அடுக்குச் செம்பருத்தியைவிட நூறு மடங்கு கலகலப்பாக இருக்கும் என்று நான் சொல்வது மிகையாகத் தோன்றினால், இரண்டின் முன்னும் கால் மணி நேரம் நின்று வரும் பூச்சிகளை எண்ணிப் பாருங்கள். உண்ணிச்செடியில் தேன் மிகுதி என்றாலும் அதை நட வேண்டாம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவிய அது, பறவைகள் வழியாக வேலியைத் தாண்டிக் காடுகளுக்குள் நுழைந்து மற்றச் செடிகளை அமுக்கிவிடுகிறது.

செடிகள் காய்ந்து முற்றும்போது, முதலில் கட்டிய அந்தச் சதுரத்திலிருந்தும் கொஞ்சம் விதை எடுங்கள். தும்பையும் கீழாநெல்லியும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் விதைகள் அல்ல. நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, உறையின் மேல் செடியின் பெயர், எடுத்த நாள், எடுத்த இடம் ஆகியவற்றோடு, அந்தச் செடியில் எந்தெந்தப் பூச்சிகளைப் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டிலிருந்து ஒரு வரியாக எடுத்து எழுதுங்கள். உறையைப் பிறருக்குக் கொடுக்கும்போது, எந்த இலையின் அடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.